தாய்ப் பங்கும் சேய்ப் பங்கும்

சங்கத்தின் வருஷக் கணக்கு முடிந்து இலாப ஈவு அறிவிக்கப்பட்டால், அதைப் பெற்றுக்கொள்ளாமல் விடும் அங்கத்தினர் எவரும் இல்லை. தொகை சிறிதாயினும் கையொப்பமிட்டு வாங்கிச் செல்கிறோம். அது நம் உரிமை. யாருடைய தயவும் அன்று. ஆனால் இதே உரிமையோடு நம் வீட்டுக் கர்ப்பிணிக்கும், பாலூட்டும் தாய்க்கும், ஆறு வயது நிரம்பாத குழந்தைக்கும் உரிய பங்கு ஒன்று, ஊர் அங்கன்வாடியில் மாதந்தோறும் காத்திருக்கிறது. அதை வாங்காமல் விடுவோரும், வாங்கியும் உரியவர் வாயில் சேர்க்காமல் விடுவோரும் நம்மிடையே பலர். இந்தப் பங்கு எது, எவ்வாறு பெறுவது, எவ்வாறு பயன்படுத்துவது என்பவற்றை அங்கத்தினர் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சோறுடைத்த நாட்டில் குறை ஏது?

தஞ்சைத் தரணியில் சோற்றுக்குப் பஞ்சம் உண்டா என்று சிலர் கேட்கக்கூடும். குறுவையும் சம்பாவும் தாளடியும் விளையும் பூமியில் உணவு உதவி எதற்கு என்று அவர்கள் எண்ணுகிறார்கள். வயிறு நிறைவது வேறு, உடல் நிறைவது வேறு. 2019-21ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 100க்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 100க்கு 22 பேர் வயதுக்கேற்ற எடை இல்லாதவர்கள். கர்ப்பிணிகளில் 100க்கு 48 பேருக்கு இரத்தச் சோகை. அதே ஆய்வின்படி நம் மாநிலத்தில் ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனைகளிலேயே நடைபெறுகின்றன. ஆகவே வைத்தியம் வாசலுக்கு வந்துவிட்டது. போஷாக்கு இன்னும் அடுப்படிக்கு வந்து சேரவில்லை.

காரணம் தட்டிலேயே இருக்கிறது. தீட்டிய அரிசிச் சோறு மலை போலவும், பருப்பும் கீரையும் முட்டையும் மீனும் கடுகளவாகவும் இருந்தால், பசி அடங்கும், இரத்தம் ஊறாது. அரிசியில் இரும்புச் சத்து குறைவு. அதற்கு மேல் காப்பிப் பிரியம் நமக்கு அதிகம். உணவோடு சேர்த்தோ உண்ட உடனேயோ அருந்தும் காப்பியும் தேநீரும், உணவிலுள்ள இரும்புச் சத்தை உடல் கொள்ளவிடாமல் தடுக்கின்றன.

இனி, உழைப்பின் காலத்தைப் பாருங்கள். நடவும் களையெடுப்பும் வந்துவிட்டால் வயலில் இறங்கும் தாய்மார் விடியுமுன் புறப்பட்டு உச்சிவெயிலில் திரும்புகிறார்கள். கும்பகோணத்தைச் சுற்றியும் திருபுவனத்திலும் பட்டு நெய்யும் வீடுகளிலோ, தறியில் ஆடவர் அமர்ந்தாலும் பாவுக்கும் தாருக்கும் உரிய வேலை பெரும்பாலும் பெண்களுடையது. முகூர்த்த மாதங்களில் கெடுவுக்குள் சேலை முடிய வேண்டும். நிறைமாதக் கர்ப்பிணியும் அந்த ஓட்டத்தில் ஓடுகிறாள். எல்லாரும் உண்டபின் பானையில் மிஞ்சியதே அவள் உணவு. வீட்டில் மிகுந்த போஷாக்கு வேண்டியவளுக்கு மிகக் குறைந்தது கிடைக்கும் வழக்கம் இதுவே.

இந்த ஏற்பாடு வந்த வழி

குழந்தைகளுக்கு அரசாங்கம் உணவளிப்பது தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. 1920ஆம் ஆண்டில் சென்னை நகராண்மை, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளி ஒன்றில் பிள்ளைகளுக்கு மதிய உணவு அளித்தது. 1956இல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவு மாகாணம் தழுவிய திட்டமாயிற்று. 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி, ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் என்ற தேசியத் திட்டம் 33 இடங்களில் தொடங்கியது. அங்கன்வாடி என்ற சொல் அதனோடு நம் ஊர்களுக்கு வந்தது. 1980இல் மதுரையை அடுத்த கொட்டாம்பட்டி வட்டாரத்தில், உலக வங்கியின் கடனுதவியுடன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் முளைவிட்டது. குழந்தைகளை மாதந்தோறும் எடை பார்த்து, வளர்ச்சி தளர்ந்தவரைக் கண்டுபிடித்து உணவளிப்பதே அதன் சிறப்பு. 1982 ஜூலை முதல் தேதி, திருச்சி ஜில்லா பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். பள்ளி செல்லாத சிறு பிள்ளைகளும் அதில் அடங்கினர். 1989இல் கலைஞர் ஆட்சியில் சத்துணவோடு முட்டையும் சேர்ந்தது.

மகப்பேற்று உதவித் திட்டம் ஒருவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. புதுக்கோட்டையில் 1886இல் பிறந்து, மருத்துவம் பயின்று, 1927இல் சென்னைச் சட்டசபையில் முதல் பெண் உறுப்பினராக அமர்ந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியே அவர். ஏழைத் தாய்மாருக்குப் பேறுகால உதவி அளிக்கும் திட்டத்துக்கு அவர் பெயரிட்டது மிகப் பொருத்தம்.

உரிமை, தர்மம் அன்று

நெசவாளர் தெருக்களில் அங்கன்வாடிக்குப் போவதைக் குறைவாக எண்ணும் வீடுகள் உண்டு. "அது இல்லாதவர்களுக்கு, நமக்கு எதற்கு?" என்கிறார்கள். எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே பந்தியில் உட்காருவதை மனத்தில் வைத்துக்கொண்டு, வேறு காரணம் சொல்லி விலகுவோரும் இல்லாமல் இல்லை. இவ்விரண்டு எண்ணங்களும் கூட்டுறவுக்கு முற்றும் விரோதமானவை. ஒரே பதிவேட்டில் பெயர் எழுதி, ஒருவருக்கு ஒரு வாக்கு என்று அமர்கின்ற நாம், பிள்ளைகளைத் தனித்தனிப் பந்தியில் அமர்த்த நினைப்பது எங்ஙனம் தகும்?

சட்டத்தின் நிலை தெளிவானது. உணவு உரிமை வழக்கில் 2001 முதல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுகள் இத்திட்டத்தைச் சலுகை என்ற நிலையிலிருந்து உரிமை என்ற நிலைக்கு உயர்த்தின. 2006 டிசம்பர் 13ஆம் தேதி உத்தரவு, எந்தக் குடியிருப்பிலும் எந்தக் குழந்தையையும் தாயையும் விலக்காமல் யாவர்க்கும் இப்பணி சேர வேண்டும் என்றது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதை எழுத்தில் நிலைநிறுத்தியது. அச்சட்டத்தின் நான்காம் பிரிவின்படி, கர்ப்ப காலம் முழுவதும், பிரசவத்துக்குப் பின் ஆறு மாதமும், அங்கன்வாடி வழியாக இலவச உணவு பெறத் தாய்க்கு உரிமை உண்டு. ஐந்தாம் பிரிவின்படி, ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை குழந்தைக்கு வயதுக்கேற்ற உணவு உண்டு. அச்சட்டம் இயற்றப்பட்டபோது அதன் அட்டவணையில் வகுத்த அளவு, குழந்தைக்கு நாள் ஒன்றுக்கு 500 கலோரியும் 12 முதல் 15 கிராம் புரதமும். தாய்க்கு 600 கலோரியும் 18 முதல் 20 கிராம் புரதமும் ஆகும். போஷாக்குக் குன்றிய குழந்தைக்கு இன்னும் அதிகம். உரிய உணவு வழங்கப்படாவிட்டால் அதற்கு ஈடான தொகை பெறவும் எட்டாம் பிரிவு இடம் அளிக்கிறது.

இதில் ரேஷன் கார்டின் வகையோ, குடும்ப வருமானமோ கேள்விக்கு வருவதில்லை. சொந்த நிலம் உள்ளவர் வீட்டுக் குழந்தைக்கும், வார நிலத்தில் உழுகிறவர் குழந்தைக்கும், கூலித் தறி நெய்கிறவர் குழந்தைக்கும் உரிமை ஒன்றே.

கையில் வருவது எவை?

முதலாவது, இணை உணவு என்னும் சத்துமாவு. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைக்கும், கர்ப்பிணிக்கும், பாலூட்டும் தாய்க்கும் இது பொட்டலமாக வீட்டுக்கு அளிக்கப்படுகிறது. கோதுமை, முளைகட்டிய கேழ்வரகு, கடலை மாவு, வெல்லம் இவற்றோடு வைட்டமின்களும் தாது உப்புகளும் சேர்ந்த மாவு இது. இரண்டாவது, அங்கன்வாடிக்கு வரும் பிள்ளைகளுக்கு அங்கேயே சமைத்த சோறும் முட்டையும். மூன்றாவது, எடையும் உயரமும் பார்த்தல், தடுப்பூசி, இரும்புச் சத்து மாத்திரை, கிராம சுகாதாரச் செவிலியரின் ஆலோசனை ஆகியவை. நான்காவது, மகப்பேற்று உதவி. 2018ஆம் ஆண்டு உயர்த்தியபடி முதல் இரண்டு பிரசவங்களுக்கு அது மொத்தம் 18,000 ரூபாய். அதில் 14,000 ரூபாய் தவணைகளில் ரொக்கமாகவும், 4,000 ரூபாய் மதிப்புள்ள இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களாகவும் வகுக்கப்பட்டது. பெட்டகத்தில் சத்துமாவு, இரும்புச் சத்து டானிக், பேரீச்சம் பழம், நெய், குடற்புழு மாத்திரை முதலியவை அடங்கும். தொகையும் தவணையும் அரசாங்க உத்தரவால் அவ்வப்போது மாறுவன. ஆதலின் பதிவின்போதே செவிலியரிடம் அன்றைய நிலையைக் கேட்டறிவது முறை.

பெறுவதற்கு வழி எளிது. கர்ப்பம் என்று தெரிந்தவுடன், பன்னிரண்டு வாரத்துக்குள், செவிலியரிடம் பதிந்து எண் பெற வேண்டும். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண்ணே வேண்டியிருக்கிறது. அதே வாரத்தில் அங்கன்வாடியிலும் பெயர் கொடுக்க வேண்டும். ஆதார் அட்டையும், தாயின் சொந்தப் பெயரில் வங்கிக் கணக்கும் ஆயத்தமாக இருக்கட்டும். கணவன் கணக்கோ மாமனார் கணக்கோ இதற்கு உதவாது. பதிவு தாமதித்தால் முதல் தவணை தாமதிக்கும். அத்துடன் முதல் மூன்று மாதச் சோதனையும் தவறிப்போகும்.

இங்கே நம் வழக்கம் ஒன்று குறுக்கே நிற்கிறது. வளைகாப்பு முடிந்ததும் பெண் தாய்வீடு செல்கிறாள். பெயரோ கணவன் ஊர்ப் பதிவேட்டில் இருக்கிறது. அங்கே மாவு வந்து கிடக்கும். இங்கே பெயர் இல்லை என்பார்கள். ஊட்டம் மிகமிக வேண்டிய கடைசி மூன்று மாதமும் பிரசவத்துக்குப் பிந்திய மாதங்களும் இவ்வாறு வீணாகின்றன. 2021 முதல் அங்கன்வாடிப் பதிவுகள் கைப்பேசி வழியே நடைபெறுவதால், ஒரு மையத்திலிருந்து மற்றொரு மையத்துக்குப் பெயரை மாற்றுதல் கூடும். புறப்படுமுன் இரண்டு மையங்களுக்கும் சொல்லிவிடுவது மாமியார், தாயார் இருவருடைய பொறுப்புமாகும்.

வீட்டுக்கு வந்தபின்

பெறுவது பாதி வேலை; உண்ணச் செய்வது மறு பாதி. சத்துமாவு வீட்டுக்கு வந்ததும் என்ன ஆகிறது? பாட்டி ஒரு கிண்ணம் கஞ்சி குடிக்கிறாள். பள்ளிக்குப் போகும் அண்ணன் வெல்ல வாசனைக்கு ஒரு பிடி அள்ளுகிறான். விருந்தாளிக்கு உருண்டை பிடிக்கப்படுகிறது. சுவை பிடிக்கவில்லையென்று கன்றுக்குட்டிக்குக் கரைத்து வைக்கும் வீடுகளும் உண்டு. கணக்குப் பார்ப்போம். ஒரு குழந்தைக்கு உரிய 500 கலோரி நால்வருக்குப் பங்கானால், அக்குழந்தைக்குக் கிட்டுவது 125. இரண்டு கவளச் சோற்றுக்கு அது சமம். பெரியவர்களுக்கு அதனால் தெம்பு கூடிவிடுவதில்லை. குழந்தைக்கோ வளர்ச்சி குறைகிறது. பாகப்பிரிவினையில் மைனர் சொத்தைத் தொடலாகாது என்று அறிந்த நாம், மைனரின் மாவையும் தொடாதிருக்க வேண்டும்.

மற்றொரு தவறு, மாவு வந்துவிட்டதென்று வழக்கமான உணவைக் குறைப்பது. இது துணை உணவு. சாப்பாட்டுக்குப் பதில் அன்று. மதியச் சோற்றையும் பருப்பையும் தந்து, இடைவேளையில் இதையும் தருவதே முறை.

குழந்தை பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்க வேண்டும். அதைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்கும் பழக்கம் குழந்தைக்குக் கேடு. ஆறு மாதம் வரை தாய்ப்பால் ஒன்றே போதும், தண்ணீரும் வேண்டா. ஆறு மாதம் நிரம்பியவுடன் இணை உணவு தொடங்குக. கஞ்சி தண்ணீராக இருத்தல் கூடாது. கரண்டியில் எடுத்தால் வழிந்தோடாமல் நிற்கும் பதம் வேண்டும். ஆறு முதல் எட்டு மாதம் வரை நாளுக்கு இரண்டு மூன்று வேளையும், அதன்பின் மூன்று நான்கு வேளையும் ஊட்டுக. ஒரு சொட்டு நெய்யோ எண்ணெயோ கலந்தால் பலம் கூடும். முருங்கைக்கீரையும் பருப்பும் மசித்த சோறு, முட்டை, முள் நீக்கிய மீன் ஆகியவை ஆறு மாதத்துக்குப் பின் சிறுகச் சிறுகப் பழக்கத் தக்கவை. தாய்ப்பாலை இரண்டு வயது வரை தொடர்க.

கர்ப்பிணி அதிகம் உண்டால் பிள்ளை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகும் என்ற அச்சம் நம் கிராமங்களில் இன்னும் உலவுகிறது. மருத்துவம் இதை ஒப்புவதில்லை. நலிந்த தாய்க்கே எடை குறைந்த குழந்தை பிறக்கிறது. அத்தகைய குழந்தைக்கே நோயும் மரணமும் அருகில் நிற்கின்றன. சாதாரண உடற்கட்டுள்ள கர்ப்பிணி பத்து முதல் பன்னிரண்டு கிலோ வரை எடை கூட வேண்டும். பிரசவத்துக்குப் பின் பத்தியம் என்ற பேரில் தண்ணீரையும் கீரையையும் பழத்தையும் தள்ளி வைப்பதும் தகாது. பால் ஊறும் தாய்க்கு வழக்கத்தைவிட அதிகம் உணவு வேண்டும், குறைவாக அன்று.

இரும்புச் சத்து மாத்திரையை கர்ப்பத்தில் 180 நாளும் பிரசவத்துக்குப் பின் 180 நாளும் உட்கொள்ள வேண்டும். மலம் கறுப்பது இயல்பு, அஞ்ச வேண்டியதில்லை. மாத்திரைக்குப் பின் எலுமிச்சை நீரோ நெல்லிக்கனியோ கொய்யாவோ உண்டால் சத்து உடலில் சேரும். காப்பிக்கு ஒரு மணி நேரமேனும் இடைவெளி கொடுங்கள்.

ரொக்கத் தவணை வந்தால் அது எதற்குச் செல்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். வட்டிக்காரனுக்கும், நகை மீட்கவும், பெயர் சூட்டும் விழாவுக்கும் அது போகிறது. கர்ப்பிணி வேலையிலிருந்து ஓய்வு கொள்ளவும், பாலும் முட்டையும் வாங்கவும் ஏற்பட்ட பணம் அது. அவள் ஓய்ந்திருக்கும் நாட்களில் நின்றுபோகும் கூலிக்கு ஈடு என்றே அதைக் கருதுக.

எடை ஏடு

தறிக்கு எத்தனை இழை, எத்தனை முழம் என்று கணக்கு வைக்கிறோம். நிலத்துக்கு மாவுக்கு எத்தனை மூட்டை என்று கணக்கு வைக்கிறோம். குழந்தைக்குரிய கணக்கு அங்கன்வாடியின் வளர்ச்சி அட்டையில் இருக்கிறது. மாதந்தோறும் எடை இடும் புள்ளிகளைச் சேர்த்தால் ஒரு கோடு வரும். அது மேல்நோக்கி ஏறினால் நலம். இரண்டு மாதம் படுத்தே கிடந்தால், குழந்தை பார்வைக்குக் கொழுகொழுவென்று இருந்தாலும், உடனே கவனிக்க வேண்டும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தையின் மேற்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் அது கடுமையான போஷாக்குக் குறைவு. அக்குழந்தையைத் தாமதியாது ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இத்தகைய குழந்தைகளையும் அவர்தம் தாய்மாரையும் தேடிக் கண்டு உதவ 'ஊட்டச்சத்தை உறுதி செய்' என்ற திட்டம் 2022இல் தொடங்கியது. அதன் இரண்டாம் கட்டம் 2024 நவம்பர் 15ஆம் தேதி, கொள்ளிடத்துக்கு வடக்கேயுள்ள அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் தொடங்கி வைக்கப்பட்டது.

பிற நாடுகளில்

இது நம் நாட்டில் மட்டும் உள்ள ஏற்பாடன்று. யுத்த காலத்தில், 1940இல், பிரிட்டன் கர்ப்பிணிகளுக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் மலிவாகவும் இலவசமாகவும் பால் அளித்தது. அமெரிக்கா 1972இல் சோதனையாகச் சட்டமியற்றி, 1975இல் நிலையான திட்டமாக்கி, தாய்க்கும் சேய்க்கும் குறிப்பிட்ட உணவுகளை மட்டும் கடையில் வாங்கத் தக்க சீட்டுகளை வழங்கியது. அங்கே தாய்ப்பால் மட்டும் ஊட்டும் தாய்க்குப் பொருளும் அதிகம், காலமும் அதிகம். அண்டை நாடாகிய இலங்கையில் 1973 முதல் திரிபோஷா என்ற சத்துமாவு மகப்பேற்று நிலையங்கள் வழியே அளிக்கப்பட்டு வருகிறது. செல்வ நாடும் வறிய நாடும் ஒப்புக்கொண்ட உண்மை ஒன்று: கருவிலும் முதல் இரண்டு ஆண்டுகளிலும் விட்ட ஊட்டத்தைப் பின்னால் முழுவதும் ஈடுசெய்ய இயலாது.

சங்கங்களின் கடமை

இப்பணியில் கூட்டுறவுக்கு முன்னமே பங்குண்டு. அங்கன்வாடி உணவுக்கு ஒப்பந்தக்காரரைப் பயன்படுத்தலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2004 அக்டோபரில் கூறியது. தமிழ்நாட்டிலோ சத்துமாவு தயாரிப்பில் மகளிர் தொழிற் கூட்டுறவுச் சங்கங்கள் ஈடுபட்டு வந்துள்ளன. நம் ஊர் ரேஷன் கடைகளில் பெரும்பாலானவற்றை நடத்துவதும் கூட்டுறவுச் சங்கங்களே. ஆகவே நாம் வெளியே நின்று குறை கூறுவோர் அல்லர், வீட்டுக்குள் இருப்போர். பின்வருவனவற்றை ஒவ்வொரு சங்கமும் செய்தல் கூடும்:

1. நிர்வாகக் குழுக் கூட்டத்தில் காலாண்டுக்கு ஒருமுறை, அங்கத்தினர் குடும்பங்களில் உள்ள கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள் யாவரும் அங்கன்வாடியில் பதிந்துள்ளனரா என்று விசாரித்தல்.

2. கர்ப்பிணிகளுக்குச் சோதனை நாளிலும், தாய்மாருக்கு எடை பார்க்கும் நாளிலும், நெசவுக் கெடுவிலும் நடவு வேலையிலும் விலக்கு அளிக்க இசைதல். அரை நாள் கூலியை எண்ணிப் பின்வாங்க வேண்டா.

3. குழந்தை பிறந்த வீட்டாரைப் பிறப்புச் சான்றிதழுடன் ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கத் தூண்டுதல். பலர் வருஷக்கணக்கில் இதைத் தள்ளிப்போடுகிறார்கள்.

4. மாவு வரவில்லை, தரம் குன்றியது, அளவு குறைந்தது என்றால் முணுமுணுத்துவிட்டு இருந்துவிடாமல், தேதியும் அளவும் குறித்து எழுத்தில் முறையிடுதல். மையப் பணியாளர் மீது சினந்து பயனில்லை. பெரும்பாலும் அவரும் வராத சரக்குக்குக் காத்திருப்பவரே. வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலகம், கிராம சபை, திங்கட்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் நடத்தும் குறைதீர் கூட்டம், சட்டப்படி அமைந்த மாவட்டக் குறைதீர் அதிகாரி ஆகிய வழிகள் உள்ளன. ஒருவர் எழுதும் மனுவைவிட, சங்கத்தின் முத்திரையோடு செல்லும் தீர்மானத்துக்கு மதிப்பு அதிகம்.

5. வயல் உள்ள அங்கத்தினர் மையத்துக்கு முருங்கையும் கீரையும் தேங்காயும் மனமுவந்து அளித்தல். அங்கன்வாடிக் கொல்லையில் பாத்தி கட்டிக் கொடுத்தல் ஒரு நாள் வேலைதான்.

ஆடவர்க்கு ஒரு வார்த்தை. இவை பெண்கள் விஷயம் என்று ஒதுங்கலாகாது. மாவு வாங்கி வருவதும், எடை நாளை நினைவில் வைப்பதும், மனைவிக்கு முதலில் இலை போடச் சொல்வதும் குடும்பத் தலைவனுடைய பொறுப்பு. மாமியார் சொல்லுக்கு மருமகள் எதிர்ச்சொல் கூறத் தயங்குவாள், மகன் கூறலாம்.

மேட்டூரில் தண்ணீர் திறந்தால், தலைமடைக்காரர் எடுத்ததுபோக மிஞ்சுவதே கடைமடைக்கு வரும் என்று குறைபடுகிறோம். தண்ணீர் முறையாகக் கடைமடை சேரவேண்டுமென்று மனுப் போடுகிறோம், வாதாடுகிறோம். நம் வீட்டுப் பந்தியில் கடைமடை எது? கடைசியில் உண்ணும் கர்ப்பிணியும், தானே எடுத்துண்ணத் தெரியாத குழந்தையுமே. அவர்களுக்கென்று அரசாங்கம் திறந்துவிட்ட பங்கு வழியில் வற்றாமல் அவர்களைச் சேரும்படி அங்கத்தினர் ஒவ்வொருவரும் பார்த்துக்கொள்ள வேண்டுகிறோம். இம்மாதக் கூட்டத்திலேயே ஒவ்வொரு சங்கமும் இதை நிகழ்ச்சி நிரலில் சேர்ப்பதாக.